பதினேழாம் நம்பர் ஸ்டிக்கர்

பை மடியிலயே இருக்கட்டுங்க சார். மேல போட்டா எறங்கறப்ப எவனாவது மாத்தி எடுத்துட்டுப் போயிருவான். உள்ள தங்கம் வைரமெல்லாம் இல்லீங்க. ஒரு நோட்டு, அவ்வளவுதான். கெட்டி அட்டை போட்ட நோட்டு. இதைப் பத்திரமாத் தாராபுரம் கொண்டுபோய் என்ற மச்சாங்கிட்டக் காட்டியாகோணும். சாட்சிங்க இது.

நீங்க இங்கிலீஷ் பேப்பர் படிக்கறீங்க. அதைப் பாத்துட்டுத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன், பின்னாடி நாலு சீட்டு காலியாத்தான் இருக்குது. எனக்கும் இங்கிலீஷ் தெரியாமயில்லீங்க. பத்தாவதுல அம்பத்தெட்டு மார்க்கு வாங்குனவன். எழுத்துக்கூட்டிப் படிச்சுருவேன். ஆனா இப்ப அந்த இங்கிலீஷைக் கண்டாலே குமட்டுதுங்க. நெசமாச் சொல்றேன், தொண்டைக்குழி வரைக்கும் வந்து நிக்குது.

என்ற சம்சாரம் பேரு சம்பூரணம். திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில, செக்கிங் செக்சன்ல இருக்கறா. பதினாலு வருசமாச்சு. பனியன், டீ சர்ட்டெல்லாம் தச்சு வருமுங்க. அதை லைட்டு மேசையில விரிச்சுப் பாக்கோணும். ஓட்டை, கறை, தையல் விட்டது, எது இருந்தாலும் அந்த எடத்துல செகப்பா ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைக்கோணும். அதுதான் சோலி. ஒவ்வொரு செக்கருக்கும் ஒரு நம்பர் உண்டு. அதை ஸ்டிக்கர்ல எழுதித்தான் ஒட்டோணும். நாளைக்கு ஒரு பேச்சு வந்தா யாரு பாத்த பீஸுன்னு தெரியோணுமல்ல? இவ நம்பரு பதினேழு. இதை நாபகம் வச்சுக்குங்க சார், பின்னாடி வரும்.

நானுங்களா? நானும் பனியன் லைனுதான். கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன்னு கேட்டுப் பாருங்க, பழைய ஆளுங்களுக்கெல்லாம் தெரியும். இப்ப ரெஸ்ட்ல இருக்கறேன். மூணு வருசமாச்சு. மேனேஜர் ஒருத்தன், நேத்து மொளச்ச பையன், பத்துப் பேரு முன்னாடி "என்ன மாஸ்டர், துணி இவ்வளவு வேஸ்ட் ஆகுது"ன்னு கேட்டுப்புட்டான். மிஷினை ஆஃப் பண்ணுனேன், சட்டையை எடுத்து மாட்டுனேன், வந்துட்டேன். நாலு பேரு முன்னாடி ஒருத்தனைப் பத்தி அப்படிப் பேசலாமுங்களா? நமக்கு மரியாதை முக்கியமுங்க.

எட்டு மாசத்துக்கு முந்தி இவ கம்பெனிக்கு ரெஜினான்னு ஒரு மேடம் வந்தாங்க. குவாலிட்டி மேனேஜர். வந்தவங்க வந்த வேலையைப் பாக்கோணுமா இல்லையா? செக்கிங் பொம்பளைங்க பன்னெண்டு பேரைக் கூப்புட்டு, "சாப்பாட்டு நேரத்துல அரை மணி நேரம் எங்கிட்ட வாங்க, தினம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லித் தர்றேன்"னாங்களாம். துணி வாங்கற வெளிநாட்டு பையர் வந்தா இவளுங்களே நேராப் பேசோணுமாம். நான் இருந்தப்பக்கூடத்தான் பையர் வருவாங்க. சிரிச்சுட்டுத் தலையாட்டுனாப் போதும், அவங்களும் தலையாட்டிட்டுப் போயிருவாங்க.

ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை. அதுக்கு அர்த்தம். அதே அர்த்தம் வர்ற வார்த்தை ரெண்டு. அதுக்கு எதிர்ப்பதம் ரெண்டு. இது வரைக்கும்கூட ஒத்துக்கலாமுங்க. அப்பறம் வருது பாருங்க வெனை. அந்த வார்த்தையை வச்சுச் சொந்தமா ஒரு வாக்கியம் எழுதோணுமாம். அவங்கவங்க வாழ்க்கையில நடந்ததா இருக்கோணுமாம். மொதல்ல தமிழ்ல, அதுக்கடியில இங்கிலீஷ்ல. கைடைப் பாத்து "ராமு நல்ல பையன்"னு எழுதிட்டுப் போனா அந்த அம்மா அந்த வரியில செகப்பு அம்பை ஒட்டிருவாங்களாம். "இது உன் பீஸ் இல்ல. நீ தச்சதைக் கொண்டா"ம்பாங்களாம். பொய் எழுதுனாலும் அம்புதான். அதுக்கு மேல, எழுதுனதை எந்திரிச்சு நின்னு பன்னெண்டு பேருக்கும் படிச்சுக் காட்டோணும்.

ஏனுங்க சார், வீட்டுல நடக்கறதை வெளிய போய் வாசிக்கறது ஒரு படிப்புங்களா? தூ!

இது எதுவும் எனக்கு அப்பத் தெரியாது, பின்னாடி விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வீட்டுக்கு வந்த சனியன் மட்டும்தான். ஸ்டிக்கர் ரோலு ஒண்ணு வீட்டுக்கு வந்துச்சு. அடுப்படியில டப்பா டப்பாவா ஒட்டுனா. உப்பு டப்பாவுல 'அபண்டன்ட்'னு ஒண்ணு, அப்படின்னா ஏராளமாம். முந்திரி டப்பாவுல 'ஸ்கேர்ஸ்', அரிதாம். சோத்துக்கு உக்காந்தா சோறு வர்றதுக்கு முன்னாடி வார்த்தை வருது. முருங்கைக்காய் நறுக்கறப்ப "ஹம்பிள், மாடஸ்ட், மீக்"குங்கறா, எல்லாத்துக்கும் பணிவுன்னுதான் அர்த்தமாம். ஒரு நறுக்குக்கு ஒரு வார்த்தை. டொக்கு, டொக்கு, டொக்கு. எனக்கு ஒடம்பெல்லாம் கூசுமுங்க. நாப்பத்திமூணு வயசு. எட்டாங்கிளாஸோட நின்னவ. பல்லுல கறிவேப்பிலை ஒட்டிட்டிருக்கறப்ப "மீக்"குங்கறா. பாக்கவே அசிங்கமா இருக்குமுங்க.

ஒருநாள் கேட்டுப்புட்டேன். "ஏ சம்பூரணம், ஒண்ணுக்கு ஒரு வார்த்தை பத்தாதா? எதுக்கு அஞ்சு?"

அவ திரும்பிக்கூடப் பாக்கலீங்க. "கோவம்னா ஒரே கோவமாங்க? சிடுசிடுப்பு இருக்குது, எரிச்சல் இருக்குது, ஆங்காரம் இருக்குது. இன்னிக்கு எதுன்னு தெரிஞ்சாத்தான அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்க முடியும்?"னா.

யாரு கோவத்தைச் சொல்றாளோ. எங்க வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு, புள்ளை கோகிலாவைக் கட்டிக்குடுத்தாச்சு. அவ கோவப்படவே மாட்டா. அப்பறம் யாருங்க கோவப்படறது? நானும் அப்பக் கையில இருந்த டம்ளரைச் சுவத்துல ஒரு அடி அடிச்சுட்டு வெளிய போயிட்டேன்.

அவிநாசியில ஒரு கல்யாணம், சொந்தத்துலதான். பந்தியில எதுத்தாப்புல பெங்களூர்க்காரப் பொண்ணு ஒருத்தி, மாப்பிள்ளை வீட்டு ஆளு. சாப்பாடு எப்படி இருக்குதுன்னு இவகிட்ட இங்கிலீஷ்ல கேட்டுச்சு. இவ சும்மா இருந்திருக்கலாமல்ல? "டெலிஷியஸ்"ன்னா. எனக்குச் சோறு எறங்கலீங்க. நான் சத்தமாச் சொன்னேன், "ஏப்பா, தொரைசானி வந்துருக்கறாங்க, எலையை எடுத்துட்டு முள்கரண்டி கொண்டாங்கப்பா"ன்னு. பந்தியே சிரிச்சுது. பரிமாறுன ஆளு வாளியைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சான். இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. வெளையாட்டுக்குச் சொன்னதுங்க. அதுக்கப்பறம் என்னை வச்சுக்கிட்டு அவ எங்கயும் இங்கிலீஷ் பேசலை. சரி, புத்தி வந்துருச்சுன்னு நெனச்சேன்.

இதெல்லாம் போகட்டும். ஒரு மாசத்துக்கு முந்தி வண்டிச் சாவியை இவ பையோட கொண்டு போயிட்டா. சாவி வாங்கறதுக்குக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில அந்தப் பொம்பளைங்க உக்காந்திருந்தாங்க. என்னைப் பாத்ததும் பேச்சு நின்னுருச்சு. அப்பறம் ஒருத்தி, வெத்தலை போட்ட வாயி, வயசு அம்பது இருக்கும், என்னை ஏற எறங்கப் பாத்துட்டுக் கேக்கறா: "ஏனுங்கண்ணா, இப்பக் கையை எங்கீங்க கழுவறீங்க?"

எனக்கு ஒண்ணும் வெளங்கலை. மத்தவளுங்க முந்தானையில வாயைப் பொத்திக்கிட்டாளுங்க. நான் சாவியை வாங்கிட்டு வந்துட்டேன். வழியெல்லாம் அதே ரோசனை. கையை எங்க கழுவறேன்னு இவளுக்கு என்ன?

வீட்டுக்கு வந்து அலமாரியைத் தொறந்தேன். சீலைக்கு அடியில இந்த நோட்டு இருந்துச்சு. இதோ பாருங்க சார். தொடறதுக்கே எனக்கு என்னமோ மாதிரி இருக்குது, நீங்களே பொரட்டுங்க. அந்த மூலை மடிச்ச பக்கம். 'டிஸ்கஸ்ட்'. அர்த்தம் அருவருப்பு. எதிர்ப்பதம் 'டிலைட்'டாம். கீழ தமிழ்ல எழுதியிருக்கறா பாருங்க, படிங்க. "என் கணவர் சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவுவார். அதில் மிளகாயும் எலும்பும் மிதக்கும். இருபத்திரண்டு வருடமாக அதை நான் கையால் எடுத்துப் போடுகிறேன்."

கண்றாவிங்களா இல்லையா? இதைப் படிச்சப்ப எனக்கு வந்துச்சு பாருங்க அருவருப்பு! தட்டுல கழுவாம எங்கீங்க கழுவறது? எங்கய்யன் தட்டுலதான் கழுவுனாரு. எந்திரிச்சுக் குழாய்க்குப் போறதுக்கு நான் என்ன ஹோட்டலுக்கா வந்துருக்கறேன்? இதை எந்திரிச்சு நின்னு படிச்சிருக்கறா சார். பன்னெண்டு பேரு கேட்டிருக்கறாளுங்க.

பொரட்டுங்க. 'இன்டிஃபரன்ட்', அக்கறையில்லாத. "எனக்கு டைபாய்டு என்று டாக்டர் சொன்னார். என் கணவர் கேட்ட முதல் கேள்வி: அப்ப இன்னிக்குச் சமையல்?" ஏனுங்க, யாராவது கேக்கோணுமல்ல? சமையல் என்ன தானா ஆகுமா? அன்னிக்கு ரெண்டு பேருக்கும் சேத்துத்தான கேட்டேன்? டாக்டரே சிரிச்சுட்டாரு.

அந்தப் பக்கம், 'பேஷன்ட்'. பொறுமை. "பழைய பஸ் ஸ்டாண்டில் மழையில் இரண்டு மணி நேரம் நின்றேன். கூட்டிப் போக வருகிறேன் என்றவர் மறந்துவிட்டார்." மறந்தது நெசந்தானுங்க, நான் இல்லைன்னு சொல்லலை. அன்னிக்கு மேட்ச்சு. கடைசி ஓவர். ஆனா அவதான் பஸ் பிடிச்சு வந்துட்டாளே, அதை எழுதியிருக்கறாளா பாருங்க. எழுதலை. ஒரு பக்கத்தை மட்டும் சொல்றது.

நல்ல வார்த்தையே கிடையாதான்னு கேப்பீங்க. இருக்குதுங்க. அதுதான் இன்னும் கேவலம். 'ஜென்டில்', மென்மையான. யாரை எழுதியிருக்கறா தெரியுங்களா? வீதி மொனையில இஸ்திரி வண்டி போட்டிருக்கறானே, அவனை! "அவர் என் பழைய சேலையையும் புதுச் சேலை போலவே மடிப்பார்." இஸ்திரிக்காரன் சார்! 'ஜெனரஸ்'னா தாராள மனசு, அதுக்கு கேன்டீன் அக்கா. 'லாயல்'னா நன்றியுள்ள, அதுக்குக் கம்பெனி வாசல்ல படுத்துக் கெடக்கற நாயி. நான் கட்டிங் மாஸ்டர். எங்கிட்ட நாலு பேரு வேலை கத்துக்கிட்டுப் போயி இன்னிக்குச் சொந்தமா யூனிட் வச்சிருக்கறானுங்க. என் வீட்டு நோட்டுல நாய்க்கு ஒரு நல்ல வார்த்தை இருக்குது, எனக்கு இல்லை. பந்தி வெசயங்கூட இருக்குது. 'ஹ்யூமிலியேட்', அவமானப்படுத்தறது. "அவியல் வாயில் இருந்தது. அதை விழுங்க எனக்கு வெகுநேரம் ஆனது." அவியல் நல்லாத்தானுங்க இருந்துச்சு அன்னிக்கு.

இருங்க, கொடுவாய் வந்துருச்சு. எறங்கறவங்க எறங்கட்டும். காலை மடக்கிக்குங்க சார், அந்தம்மா போகட்டும்.

எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சுங்க. மொதப் பக்கம். மொத நாளு, மொத வார்த்தை. 'கைன்ட்'. அன்பான. "என் கணவர் அன்பானவர். நான் இந்த வகுப்புக்குப் போகக்கூடாது என்று அவர் சொல்லவில்லை." அன்னிக்கு அலமாரி முன்னாடி நின்னு எல்லாப் பக்கமும் பாத்துட்டு, வயிறெல்லாம் எரிஞ்சு, கடைசியாத்தான் மொதப் பக்கத்தைப் பாத்தேன். கொஞ்சம் ஆறுச்சு. பரவால்லை, ஆரம்பத்துலயாவது மனசுல இருந்ததை எழுதியிருக்கறான்னு. நெசத்துக்கு அவ எப்பக் கேட்டாள்னே எனக்கு நாபகம் இல்லீங்க. டி.வி. ஓடிட்டிருந்திருக்கும். 'ம்'முன்னு சொல்லியிருப்பேன். சொன்னது சொன்னதுதான?

அவகிட்ட நான் ஒண்ணும் கேக்கலை. கேட்டா அதையும் ஒரு வார்த்தை பாத்து எழுதிருவா. நோட்டை இருந்த எடத்துலயே வச்சுட்டேன். 

போன வியாழக்கெழமை இன்டர்வியூ. அந்த ரெஜினா மேடம் ஏற்பாடுதான். பையரோட ஆபீஸ் பெங்களூர்ல இருக்குதாம். அங்க குவாலிட்டி ஆடிட்டர் வேலை. தங்கறதுக்கு ரூமெல்லாம் அவங்களே குடுக்கறாங்களாம். முழுக்க இங்கிலீஷ்ல கேள்வி கேப்பாங்களாம். பன்னெண்டு பேருல இவளை மட்டும் அனுப்பறாங்களாம். சொல்றப்ப மொகத்தைப் பாக்கோணுமே, சின்னப்புள்ளை மாதிரி.

எனக்கு என்ன தோணியிருக்கும் சொல்லுங்க. சோத்துக்கு நான் எங்க போவேன்? துணியை யாரு தொவைப்பா? ஊர்ல என்ன சொல்லுவாங்க? பொண்டாட்டியை பெங்களூருக்கு அனுப்பிட்டு இவன் இங்க உக்காந்திருக்கறான்னு சொல்ல மாட்டாங்களா? அதனால வியாழக்கெழமை காலையில, அவ குளிக்கப் போனப்ப, நோட்டை எடுத்தேன். மொதப் பக்கத்தை இன்னொருக்கா பாத்துக்கிட்டேன், சும்மா, மனசுக்கு. பளிச்சுன்னு இருந்துச்சு. அப்பறம் கொண்டுபோய் அரிசி டிரம்முல போட்டு, மேல அரிசியைத் தள்ளி மூடிட்டேன். எவ வந்து அரிசி டிரம்முல நோட்டைத் தேடுவா?

அவ தேடுனா. அலமாரி, கட்டிலுக்கடி, பீரோ மேல. ஈரத்தலையோட தேடுனா. நான் பேப்பர் படிச்சுட்டிருந்தேன். ஒரு எடத்துல நின்னுட்டு என்னைப் பாத்தா சார். கேக்கலை. கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேனோ என்னமோ. அப்பறம் சீலையை மாத்திட்டுப் போயிட்டா. மத்தியானத்துக்கு எனக்குச் சோறு ஆக்கி மூடி வச்சுட்டுத்தான் போனா. நல்லாச் சாப்புட்டேன். நோட்டு இல்லாம என்ன கிழிப்பாள்னு எனக்கு ஒரு நிம்மதி.

சாயங்காலம் பொழுதோட வந்தா. வேலை கெடைச்சிருச்சாம். அதை எங்கிட்டச் சொல்லலை, போன்ல கோகிலாகிட்டச் சொல்றா, நான் கேட்டுட்டிருக்கறேன். அப்பறம் ராத்திரிச் சமையலுக்கு அரிசி எடுக்கப் போனா. டிரம்மு மூடியைத் தொறந்த சத்தம் கேட்டுச்சு. அப்பத்தானுங்க எனக்கு ஒறைச்சுது. அரிசி எடுக்கறதுக்கு டிரம்மைத் தொறப்பாங்கங்கறது எனக்குத் தோணவே இல்லை சார். இருபத்திரண்டு வருசத்துல நான் அதைத் தொறந்தது அன்னிக்குத்தான்.

எட்டிப் பாத்தேன். கீழ உக்காந்து நோட்டுல இருந்த அரிசியைத் தட்டி மொறத்துல விட்டுட்டிருந்தா. ஒவ்வொரு பக்கமா. ஒரு அரிசி வீணாக்கலை. அப்பறம் டப்பாவுல இருந்த ஸ்டிக்கர் ரோலை எடுத்தா, ஒரே ஒரு ஸ்டிக்கர் கிழிச்சா, பேனாவுல என்னமோ எழுதுனா, ஒட்டுனா. மூடி வச்சுட்டுச் சோறாக்கப் போயிட்டா. சாப்பாடு வழக்கம்போலத்தான். பருப்பும் வெண்டைக்காயும். நான் தட்டுலதான் கை கழுவுனேன். எதுக்கு மாத்தோணும்?

அவ தட்டை எடுக்கலை சார். அது அங்கயே கெடந்துச்சு.

"ஒண்ணாந்தேதி பெங்களூர் போறனுங்க"ன்னா. போறேன். போகட்டுமான்னு கேக்கலை. கவனிச்சீங்களா? நான் குதிச்சேன். "உங்கொண்ணன்கிட்டப் போறேன், இந்த நோட்டைக் காட்டறேன், நாச்சிமுத்து வந்து உன்னை நாலு கேள்வி கேக்கட்டும்"னேன். அவ பயப்படுவாள்னு பாத்தேன். அண்ணன் பேச்சைத் தட்டாதவ. "இந்தாங்க, கொண்டு போங்க"ன்னு அவளே கையில குடுத்தா. "இதுல இருக்கறது பூரா எனக்கு மனப்பாடம். நோட்டு இனி எனக்கு வேண்டாம்."

வாங்கிட்டேன். நாலு நாளா என்ற பையில இருக்குது. இன்னிக்குத்தான் பஸ் ஏறுனேன். மச்சான் இந்தப் பக்கமெல்லாம் பாத்தாருன்னா, புருசனைப் பத்தி ஊருக்கெல்லாம் வாசிச்சவளைச் சும்மா விடமாட்டாரு. ஒரு வார்த்தை அவரு "போகாத"ன்னா அவ போகமாட்டா. அவ்வளவுதான் நான் கேக்கறது. அவ வீட்டுல இருந்தாப் போதும்.

இப்பத்தான் ஒரு சிக்கல். அந்த மொதப் பக்கத்தைப் பாருங்க. ஸ்டிக்கர் எங்க ஒட்டியிருக்கறா பாத்தீங்களா? 'என் கணவர் அன்பானவர்'ங்கற வரியில. அம்பு மொனை சரியா அடியில இங்கிலீஷ் வரியில இருக்கற 'கைன்ட்' மேல நிக்குது. என்ன நம்பர் எழுதியிருக்குது? பதினேழு. மேடம் ஒட்டுனதில்லை, இவளேதான். எட்டு மாசம் சும்மா இருந்த வரி சார். வியாழக்கெழமை காலையில நான் பாத்தப்பக்கூட இல்லை. ராத்திரி இருக்குது. நடுவுல அந்த வரிக்கு என்ன கேடு வந்துச்சுன்னு எனக்குத் தெரியலை. நான் அவளை ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லையே அன்னிக்கு.

மச்சான் மொதப் பக்கத்தைத்தான மொதல்ல பாப்பாரு? அவரும் பனியன் கம்பெனியில இருந்தவரு, அம்புன்னா என்னன்னு அவருக்குத் தெரியும். அதனால இதை உரிச்சுருவோம். இந்த ஸ்டிக்கரை நான் ஆயிரம் தடவை உரிச்சிருக்கறேன். துணியில ஒட்டுனா தடம் தெரியாம வந்துரும், அதுக்குன்னே செய்யற பசை. ஓரத்துல நகத்தை வச்சு இப்படிக் கெளப்பி...

கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்குது. இது காயிதமாச்சே. மெதுவா...

அட. அட சனியனே.

வந்துருச்சு சார். எழுத்தும் ஒட்டுக்கா வந்துருச்சு. பாருங்க, காயிதம் பிஞ்சு ஓட்டையே விழுந்துருச்சு. 'அன்பானவர்' இல்லை. 'கைன்ட்' இல்லை. "என் கணவர்" மட்டும் நிக்குது. ச்சை. எனக்குன்னு இருந்ததே ஒண்ணு.

சார், கோவிச்சுக்காதீங்க. உங்க சட்டைப் பாக்கெட்டுல பேனா இருக்குது. கையெழுத்தும் நல்லாத்தான் இருக்கும், பாத்தாத் தெரியுது. ஓட்டைக்குக் கீழ எடம் இருக்குது, அதே வரியைத் திரும்ப எழுதிக் குடுத்துருங்க. நீல மைதான? அதேதான். என் கணவர் அன்பானவர், அதுக்கடியில இங்கிலீஷ்ல கைன்ட். ரெண்டாவது வரி வேண்டாம், வகுப்பு அது இதுன்னு. அதை எழுதுனா அவருக்கு வேற கேள்வி வரும். அதுக்குப் பதிலா வேற எதாவது.

என்னங்க?

"வேற எதாவதுன்னா, நீங்க அவங்களுக்குச் செஞ்சது ஒண்ணு சொல்லுங்க, எழுதறேன்"ங்கறீங்க. நீங்களும் அந்த ரெஜினா மாதிரியே கேக்கறீங்களே. சரி, இதென்ன பெரிய காரியம். இருபத்திரண்டு வருசம் சார். எத்தனை இருக்கும்.

ஒருக்கா தலைவலின்னு அவ படுத்திருந்தப்ப மாத்திரை வாங்கிட்டு வந்து... இல்லீங்க, அது எனக்குத் தலைவலி. மிச்சம் இருந்ததை அவ போட்டுக்கிட்டா. அதை எழுதலாமா? வேண்டாமா. சரி விடுங்க. பழனிக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போனேன்... அது எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போனது, தூக்கிவிடறதுக்கு ஆள் வேணும்னு இவளும் வந்தா. கோகிலா பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு... நான் அன்னிக்கு ஊர்ல இல்லை. சீலை. தீபாவளிக்குச் சீலை எடுத்துக் குடுத்திருக்கறனே! இல்லை, அதுவும் அவளேதான் எடுத்துக்குவா, எனக்கும் சேத்து வேட்டி எடுத்துட்டு வந்துருவா.

என்னமோ இப்பன்னு பாத்து ஒண்ணும் நாபகம் வர மாட்டேங்குது. பஸ் சத்தத்துல மனுசனுக்கு ரோசனையே ஓடறதில்லை. ஜன்னலைச் சாத்துங்க, காத்து மூஞ்சிலயே அடிக்குது.

என்னது, தாராபுரமுங்களா? அதுக்குள்ளயா? இருங்க சார், எல்லாரும் எறங்கட்டும், அவசரப்பட்டு என்ன ஆகப்போகுது. எதோ ஒண்ணு இருக்குது, தொண்டை வரைக்கும் வந்துருச்சு. பேனாவை மூடிறாதீங்க. ரோசனை பண்ணிட்டிருக்கறேன்.